கடலைக் கடந்த பின்பு



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில், ஒரு சகோதரனைப் பலிபீடத்தின் அருகே அழைத்துச் சாட்சி சொல்லச் செய்தேன். உடல் எடையைக் குறைப்பதற்காக அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பதினோரு மாதங்கள் ஆகியிருந்தன. 128 கிலோவாக இருந்தவர் 84 கிலோவுக்கு வந்திருந்தார். சர்க்கரை நோய்க்காக எடுத்துவந்த மாத்திரைகளை மருத்துவர் பெருமளவு குறைத்துவிட்டார். மாடிப்படி ஏற முடியாதிருந்தவர் மணிக்கூண்டில் ஏறி மணியடித்தார். சபையார் கைதட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாக மகிழ்ந்தவன் நான். "இதோ, தேவன் செய்து முடித்த காரியம்" என்று பிரசங்கித்தேன்.

"செய்து முடித்த" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இப்போது வருந்துகிறேன்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர் வழக்கமாக அமரும் பெஞ்சில் அவரைக் காணவில்லை. கடையில் வேலை அதிகமாயிருக்கும் என்று எண்ணி நானும் சில வாரங்கள் கடத்திவிட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்ததும் காரியம் விளங்கிற்று. இழந்த எடையில் பதினேழு கிலோ திரும்பியிருந்தது. நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சாட்சி சொன்ன வாய வச்சிக்கிட்டு எப்படிங்கய்யா திரும்ப அங்க வந்து உக்காருவேன்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டு இன்னும் அகலவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

பேரியாட்ரிக் அறுவைச் சிகிச்சை என்று சொல்லப்படும் இந்த வைத்தியத்தைப் பற்றி நம் சபைகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "வாயைக் கட்ட முடியாதவர்கள் வயிற்றைக் கட்டிக்கொள்ளும் குறுக்குவழி" என்பது ஒன்று. "ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்பது மற்றொன்று. முதலாவது அன்பற்ற பேச்சு என்று நாம் எளிதாய்க் கண்டுகொள்கிறோம். இரண்டாவது ஸ்தோத்திரம்போல் ஒலிப்பதால் அதன் தீங்கு கண்ணில் படுவதில்லை. நான் செய்தது இந்த இரண்டாவது பிழை.

இந்தச் சிகிச்சை நேற்று முளைத்ததன்று. 1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர், சிக்காஷி இட்டோ என்பவரோடு சேர்ந்து, இரைப்பையின் ஒரு சிறு பகுதியை மட்டும் பிரித்து அதைக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்ததே அதற்குத் தூண்டுதலாயிற்று. நம் சகோதரனுக்குச் செய்யப்பட்டது ஸ்லீவ் என்ற வேறொரு முறை. இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அகற்றிவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த அகற்றப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே முதல் மாதங்களில் வயிறும் சிறுத்திருக்கிறது, பசியும் அடங்கியிருக்கிறது. நான்கு வாய் உண்டால் போதும் என்றிருக்கும். அந்த நாட்களில் எடை குறைவது ஏறக்குறைய தானாகவே நடப்பதுபோல் தோன்றும்.

கத்தி தொடாத காரியங்கள் சில உண்டு. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து மனச்சோர்வுக்கு மருந்தாய் எதையாவது கொறிக்கும் பழக்கம் இரைப்பையில் குடியிருக்கவில்லை. துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் இனிப்பைத் தேடுகிற கை அறுவை அறையில் மாற்றப்படவில்லை. ஊர் மாறவில்லை, கடைத்தெரு மாறவில்லை, சமையற்கட்டும் மாறவில்லை. ஓராண்டுக்குப் பின் பசி மெல்லத் தலைதூக்குகிறது; சிறுத்த வயிறும் முன்னிலும் சற்று அதிகமாய் ஏற்கத் தொடங்குகிறது. அப்போதுதான் மெய்யான வேலை ஆரம்பமாகிறது. நாம் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதும் சரியாக அந்த வேளையில்தான்.

இஸ்ரவேலரின் சரித்திரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கடலைக் கடப்பதற்கு ஓர் இரவு போதுமானதாயிருந்தது. வனாந்தரத்தில் நடப்பதற்கோ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. கடற்கரையில் பாட்டுப் பாடி ஆடியவர்கள், மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்ததும் முறுமுறுத்தார்கள். பிறகு மன்னா வந்தது. அதை அன்றன்றைக்கு, ஆளுக்கு ஓர் அளவு என்றே சேர்க்க வேண்டியிருந்தது. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்துப்போயிற்று. இன்னொரு காரியமும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஜனங்கள் ஏங்கியது எகிப்தின் மீனுக்கும் வெள்ளரிக்கும் கொம்மட்டிக்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும். முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று, நாவில் இருந்த ருசி மறக்கவில்லை. உணவின் ஏக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை வேதம் வெட்கப்படாமல் சொல்கிறது. நாம்தான் அதைப் பேசுவதற்கு வெட்கப்படுகிறோம்.

சகோதரன் தன் வனாந்தரத்தை எனக்கு விவரித்தார். வீட்டில் அவர் அளவாகவே உண்டு வந்தார். தட்டில் சோறு கூடவில்லை. கூடியது கடையில். கல்லாப்பெட்டியின் அருகே ஒரு பொட்டலம் மிக்சர் இருக்கும். ஒரு பிடி, அரைமணி நேரம் கழித்து இன்னொரு பிடி. நாளொன்றுக்குச் சர்க்கரை போட்ட தேநீர் ஐந்தாறு, ஒவ்வொன்றோடும் இரண்டு பிஸ்கட். முட்டையோ மீனோ சுண்டலோ உண்டால் அந்தச் சிறிய வயிறு சீக்கிரம் நிறைந்து "போதும்" என்கிறது. மிக்சரும் முறுக்கும் பிஸ்கட்டும் வாயிலேயே கரைந்து, தேநீரோடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. எவ்வளவு உள்ளே போனாலும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. ஒரு பந்தியில் உண்ண முடியாததை ஒரு நாள் முழுவதும் கொறித்து உண்டுவிட முடியும். இதை மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது முதல் மாதத்தில், பசியே இல்லாத நாட்களில் சொல்லப்பட்டது. அப்போது அவர் காதில் ஏறவில்லை. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்ததால், ஓராண்டுக்குப் பின் பரிசோதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சுகமாயிருக்கிறவனுக்கு வைத்தியர் எதற்கு என்று நினைத்தாராம்.

இந்தச் சிகிச்சைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ள வேண்டியவை கேட்பதற்கு மிகவும் அற்பமானவை. பந்தியில் முதலில் புரதம்: முட்டை, மீன், கோழி, பயறு, பனீர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேர வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சோறு அதற்குப் பிறகுதான், அதுவும் இடமிருந்தால். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, மெதுவாய் விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். இலையின் ஓரத்தில் செம்பை வைத்துக்கொண்டே உண்டு வளர்ந்த நமக்கு இதுவே ஒரு பெரிய சிலுவை. நடை, உறக்கம், குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி முதலான மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்பை அதிகமாய் உண்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வயிற்றுப்போக்கும் வரலாம். மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைக்குப் பின் மது வெகு சீக்கிரமாக இரத்தத்தில் ஏறுகிறது. உணவில் கிடைத்துவந்த ஆறுதலை மதுவில் தேடி அதற்கு அடிமையானவர்கள் உண்டு. நம் சபையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று எண்ண வேண்டாம். போதகனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேறொரு ஊரில் பைபாஸ் செய்துகொண்ட ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். "விசுவாசமிருந்தால் மாத்திரை எதற்கு?" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பாதங்களில் மரமரப்பு தோன்றி, நடை தள்ளாடத் தொடங்கியபின்தான் பி12 குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை செய்யப்பட்ட வயிறும் குடலும் உணவிலிருந்து அந்தச் சத்தை முன்போல் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே மாத்திரையோ ஊசியோ அவர்களுக்கு அன்றாட அப்பத்தின் ஒரு பகுதி. அதை நிறுத்தச் சொல்வது விசுவாசமல்ல, அறியாமை. உபவாசமும் அப்படியே. நாம் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவிக்கும்போது, ஒரே நேரத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட மடக்கென்று குடிக்க இயலாதவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்கள் நாள் முழுவதும் சிறிது சிறிதாய்ப் பருகித்தான் உடலில் நீர் குறையாமல் காத்துக்கொள்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாமென்று இனி நான் அறிவிப்போடு சேர்த்தே சொல்லப்போகிறேன். ஜெபத்தில் அவர்களுக்கு எந்தக் குறைவும் வராது.

மறுபடியும் எடை கூடியதைப் பற்றி நான் வாசித்தறிந்தது என் மனதின் பாரத்தைச் சற்று இறக்கியது. அந்தச் சகோதரனுக்கும் அதைச் சொன்னேன். சுவீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2007-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. அப்படியானால் ஓரளவு திரும்புவது ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவானது. இழந்ததை மீட்டுக்கொள்ளப் போராடுவது சரீரத்தின் இயல்பு. அப்படித் திரும்பியும்கூட, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாகவே இருந்தது. நம் சகோதரனுக்குத் திரும்பியது சராசரியைவிடக் கூடுதல். அதில் மிக்சர் பொட்டலத்துக்குப் பங்குண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் 128-லிருந்து 101 என்பது தோல்வியன்று. அவர் அதைத் தோல்வி என்று எண்ணினதற்குக் காரணம், நான் 84-ஐ மேடையேற்றி அதற்கு முற்றுப்புள்ளி வைத்ததே.

பெருந்தீனியைப் பாவமென்று பிரசங்கிக்க எனக்கும் தெரியும். ஆனால் பருத்த சரீரத்தைக் கண்டவுடன் பெருந்தீனிக்காரன் என்று தீர்ப்பிடுவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும். பரம்பரை உண்டு, சில மருந்துகளின் விளைவு உண்டு, உறக்கமற்ற இரவு வேலை உண்டு, மலிவாய்க் கிடைப்பது மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாக இருக்கிற வறுமையும் உண்டு. மெலிந்தவர்களில் பெருந்தீனிக்காரர் பலரை நான் அறிவேன். அவர்களை யாரும் மேடைக்கு அழைத்து விசாரிப்பதில்லை.

இனி, நம் வீட்டையும் சபையையும் பற்றி. அன்பைச் சோற்றின் அளவால் காட்டுகிற ஜனம் நாம். "இவ்வளவுதானா? என் சமையல் பிடிக்கலையா?" என்று கேட்கும் தாயின் கண்ணீருக்கு எதிரே எந்த மருத்துவரின் ஆலோசனை நிற்கும்? கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு கல்கலும் அச்சு முறுக்கும் அதிரசமும் கேக்கும் வரும். திருமணப் பந்தியில் ஒருவர் பாதி இலையோடு எழுந்தால் பரிமாறுகிறவர் தோளைப் பிடித்து அமர்த்துவார். அசனப் பண்டிகையில் தொட்டியில் குவித்த சோற்றை வாளிகளில் அள்ளிவருகிற வாலிபர்களுக்கு, "போதும்" என்ற சொல் காதில் விழுவதேயில்லை. வீடு சந்திக்கச் செல்லும் போதகர்களாகிய நாங்கள் இதில் முதன்மையானவர்கள். ஒரே மாலையில் ஆறு வீட்டில் காப்பியும் பலகாரமும் மறுக்காமல் உண்டு, அதை ஐக்கியம் என்று சொல்லிக்கொள்கிறோம். என் அங்கியை இரண்டு முறை தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்திருக்கிறேன். ஆகையால் நான் உயரத்திலிருந்து பேசவில்லை.

இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒவ்வொரு பந்தியிலும் இந்த அன்போடு தனியாய்ப் போராட வேண்டியிருக்கிறது. சுவரில் குடிவிலக்கு வாசகம் எழுதிவைக்கிறோம். குடியை விட்டவன் எதிரே பாட்டிலை வைத்து "கொஞ்சம் மட்டும்" என்று நாம் சொல்வதில்லை. உணவை யாரும் முற்றிலும் விட்டுவிட முடியாது என்பதால் இந்தப் போராட்டம் ஒருவகையில் அதைவிடக் கடினமானது. தன்னை வீழ்த்தியதோடு நாளுக்கு நான்கைந்து முறை ஒரே மேசையில் அமர்ந்து, அளவோடு எழுந்துவர வேண்டும்.

ஆகவே, பெரிய பொருத்தனைகளின்மேல் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. கன்வென்ஷனின் கடைசி இரவில் கண்ணீரோடு எழுந்து நிற்கிறவர்களை நான் அற்பமாய் எண்ணவில்லை; நானும் அப்படி எழுந்து நின்றவன்தான். "இனி ஒருபோதும் இனிப்பைத் தொடமாட்டேன்" என்ற பொருத்தனை டிசம்பர் மாதத்துக் கல்கலில் உடையும். உடைந்த அன்றே, எல்லாம் போயிற்று என்ற சோர்வு வந்து மீதியையும் அடித்துக்கொண்டு போகும். "இன்று காலை முதலில் முட்டையை உண்பேன்" என்பதோ மன்னாவைப்போல் ஒரு நாளுக்குரியது. நேற்று தவறியிருந்தாலும் இன்று காலை அது புதிதாய்க் கிடைக்கும். வாழ்நாள் மாற்றம் என்று நாம் பெரிதாய்ச் சொல்வது, கிட்டே போய்ப் பார்த்தால், இப்படிப்பட்ட சிறிய காலைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததுதான்.

அன்று சாயங்காலம் நான் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. "தம்பி, டாக்டரப் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று மட்டும் கேட்டேன். "ரெண்டு வருஷம் ஆவுதுங்கய்யா. திட்டுவாரோன்னு பயமா இருக்கு." அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து போனோம். மருத்துவர் திட்டவில்லை. இப்படித் திரும்பி வருகிறவர்கள் வழக்கமாக வருகிறவர்கள்தான் என்றார். இரத்தப் பரிசோதனை எழுதினார். உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, மறு சிகிச்சையும் உண்டு, ஆனால் முதலில் கல்லாப்பெட்டியைப் பார்ப்போம் என்று சிரித்தார். இப்போது அந்த இடத்தில் ஒரு டப்பாவில் அவித்த பயறு இருக்கிறது. தேநீர் இரண்டாகக் குறைந்து, சர்க்கரை இல்லாமல் வருகிறது. அவர் மனைவி வீட்டிலுள்ள எல்லாருக்கும் சிறிய தட்டுகளை வாங்கிவிட்டார். ஒருவருக்கு மட்டும் வேறு தட்டு என்றால் அது தண்டனைபோல் தோன்றும் என்றார். அந்தப் பெண்ணின் ஞானம் என் பல பிரசங்கங்களுக்கு மேலானது. காலை ஜெபம் முடிந்ததும் மூன்றுபேர் குளக்கரை வரை நடக்கிறோம்; மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்க்கதை சொல்லியே இரண்டு கிலோமீட்டரைக் கடத்திவிடுவார். ஏழு மாதங்களில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. ஒரு மாதம் ஒரு கிலோ கூடவும் செய்தது. அந்த மாதமும் அவர் ஆராதனைக்கு வந்தார்.

இந்த ஆண்டு அசனப் பண்டிகைக்காகக் கமிட்டியார் கூடியபோது, ஒரு ஓரமாய்ச் சிறிய தட்டுகளை அடுக்கிவைக்க வேண்டும், யார் எடுத்தாலும் ஏன் என்று கேட்கலாகாது, யாருக்கும் இரண்டாம் முறை வற்புறுத்திப் போடலாகாது என்று கேட்டுக்கொண்டேன். மூப்பர் ஒருவர், "அசனத்துல கைய மறிச்சா பாவம்னு எங்க தாத்தா சொல்லுவாரு ஐயா" என்று முணுமுணுத்தார். இருந்தாலும் தட்டுகள் வாங்கப்பட்டன. அம்பது வாங்கினோம். பண்டிகையன்று சர்க்கரை நோயுள்ள பாட்டிமார்களும், பிள்ளைகளுக்கு ஊட்ட வந்த தாய்மார்களும் எடுத்துப்போய், சகோதரன் வரிசையில் வந்தபோது மூன்றோ நான்கோதான் மீதியிருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு அருகில் வந்தவர், "இந்த வருஷம் சாட்சி கீட்சின்னு கூப்பிட்டுராதீங்கய்யா" என்றார். கூப்பிடமாட்டேன் என்று சொல்லி, நானும் ஒரு சிறிய தட்டை எடுத்துக்கொண்டு அவரோடு பாயில் அமர்ந்தேன்.